700033: முகவரியின் கடைசி வரியில் ஒரு பூட்டு

கணக்குத் தொடங்கும் படிவத்தில் நாம் அதிகக் கவனமின்றி நிரப்பும் கட்டம் ஒன்று உண்டு. பெயரைக் கூட்டெழுத்தாகவும் தனித்தனி எழுத்தாகவும் எழுதிப் பார்ப்போம். பிறந்த தேதியை ஆதார் அட்டையோடு ஒப்பிடுவோம். கையொப்பத்தை இருமுறை போட்டுச் சரிபார்ப்போம். முகவரியின் இறுதியில் வரும் ஆறு இலக்கங்களை மட்டும் கை தானாகவே எழுதிவிடும். கொல்கத்தாவின் தென்பகுதியான டாலிகஞ்சில் வாழ்வோர் அங்கே எழுதுவது 700033. இந்த எண்ணை ஒரு முகவரிக் குறியாகப் பார்க்காமல், ஓர் எண்ணாகவே எடுத்து ஆராய்ந்தால் என்ன கிடைக்கும் என்பதே இக்கட்டுரையின் பொருள். வங்கியில் பணியாற்றும் நமக்கு அதில் ஒரு தனி ஆர்வம் இருப்பதன் காரணம் போகப் போகத் தெரியும்.

முதலில் முகவரியை முடித்துவிடுவோம். அஞ்சல் குறியீட்டு எண் முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்தவர் மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தில் கூடுதல் செயலராக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். இவர் சமஸ்கிருதக் கவிஞரும் ஆவார். ஒரே பெயரில் பல ஊர்கள், பல மொழிகளில் எழுதப்படும் முகவரிகள் ஆகியவற்றால் தடுமாறிய அஞ்சல் பிரிப்புக்கு அவர் தந்த விடை இந்த ஆறு இலக்கங்கள். முதல் இலக்கமான 7 மேற்கு வங்கம், ஒடிசா, வடகிழக்கு மாநிலங்கள், அந்தமான் ஆகியவற்றைச் சுட்டும். 700 என்பது கொல்கத்தா. இறுதி மூன்று இலக்கங்கள் டாலிகஞ்ச் அஞ்சலகத்தைச் சுட்டுகின்றன. ஊரின் பெயர், 1770களில் ஆதிகங்கையின் பழைய தடத்தைத் தூர்வாரிக் கால்வாயாக்கிய கர்னல் வில்லியம் டாலியிடமிருந்து வந்தது. 1986-இல் மெட்ரோ ரயில் இங்கு வந்து சேர்ந்தது. வங்கத் திரைப்பட உலகுக்கு டாலிவுட் என்ற பெயரைத் தந்ததும் இந்த ஊரே. தமிழ்க் குடும்பங்களுக்கு நன்கு பழக்கமான லேக் மார்க்கெட் இதற்கு வடக்கே சற்றுத் தொலைவில்தான் இருக்கிறது.

அஞ்சல் துறைக்கு இந்த எண்ணோடு உள்ள உறவு இவ்வளவே. எண் கணிதத்திற்கோ இனிமேல்தான் வேலை தொடங்குகிறது.

ஒரு முழு எண்ணிடம் கணிதம் கேட்கும் முதல் கேள்வி, அது பகா எண்ணா, பகு எண்ணா என்பது. ஒன்றாலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடுவது பகா எண். மற்றவை எல்லாம் பகா எண்களைப் பெருக்கிக் கிடைப்பவை. எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கமாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும் என்பதால், அந்தப் பெருக்கமே எண்ணின் உண்மையான பிறப்புச் சான்றிதழ்.

அடுத்தடுத்த அஞ்சல் எண்களைப் பெற்ற பகுதிகள் தரையில் அக்கம்பக்கமாக இருக்கலாம். கணிதத்தில் அவற்றிடையே எந்தச் சாயலும் இருப்பதில்லை. கொல்கத்தா தலைமை அஞ்சலகத்தின் 700001 ஒரு பகா எண். டாகுரியாவின் 700031 மூன்று பகா எண்களின் பெருக்கம்: 29 × 101 × 239. ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் இருக்கும் 700032-ஐ இரண்டால் ஏழு முறை தொடர்ந்து வகுக்கலாம். எஞ்சுவது 5469, அதாவது 3 × 1823. அதற்கு அடுத்த எண்தான் நம் 700033. அதன் பிறப்பு என்ன?

கையில் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளும் வாசகர் இதைத் தாமே முயன்று பார்க்கலாம். எண் ஒற்றைப்படை, ஆகவே 2 இல்லை. இலக்கங்களின் கூட்டுத்தொகை 13. ஆகவே 3 இல்லை. 3-இல் முடிவதால் 5 இல்லை. 7-ஆல் வகுத்தால் 5 மீதி, 11-ஆல் வகுத்தால் 4 மீதி, 13-ஆல் வகுத்தால் 9 மீதி. இப்படி ஒவ்வொரு பகா எண்ணாக முயன்று கொண்டே போக வேண்டும். எதுவரை? 837-ஐ 837-ஆல் பெருக்கினால் 700569. அது நம் எண்ணைக் கடந்துவிடுகிறது. எனவே 836 வரை பார்த்தால் போதும். அதற்குள் உள்ள பகா எண்கள் 145. அவற்றில் ஒன்றும் வகுக்காவிடில் 700033 பகா எண்ணே.

முதல் 90 பகா எண்களும் தோற்கின்றன. 29 இரண்டு மீதி வைத்து விலகுகிறது, 101-ம் அப்படியே. 379-இல் மீதி 20. பொறுமையை இழந்து இது பகா எண்ணாகத்தான் இருக்கும் என்று தாளை மடிக்கத் தோன்றும் கட்டத்தில் 91-ஆவது பகா எண்ணான 467 மீதியின்றி வகுக்கிறது. ஈவு 1499. அதுவும் பகா எண்.

விடை தெரிந்துவிட்டால் சரிபார்ப்பது எவ்வளவு எளிது என்று பாருங்கள். 467-ஐ 1500-ஆல் பெருக்கினால் 700500. அதிலிருந்து ஒரு 467-ஐக் கழித்தால் 700033. மனக்கணக்காக அரை நிமிடம். தேடியதோ தொண்ணூறு தோல்விகளுக்குப் பின். பெருக்குவது எளிது, பெருக்கப்பட்டதைப் பிரிப்பது கடினம் என்னும் இந்த ஏற்றத்தாழ்வை வாசகர்கள் சற்று நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். நம் இணையவழி வங்கிச் சேவையின் பாதுகாப்பில் பெரும்பங்கு இதன்மேல்தான் எழுப்பப்பட்டிருக்கிறது.

அதற்கு முன் இந்த எண்ணின் இனம் குறித்து இன்னும் சில செய்திகள். 700033-க்கு வகுத்திகள் மொத்தம் நான்கே: 1, 467, 1499, 700033. தன்னைத் தவிர்த்த வகுத்திகளைக் கூட்டினால் 1967. எண்ணோடு ஒப்பிட மிகச் சிறிய தொகை. இத்தகைய எண்களைப் பழங்காலக் கிரேக்கர் குறையெண்கள் என்றனர். கூட்டுத்தொகை எண்ணுக்குச் சமமாக இருந்தால் நிறைவெண் (6, 28, 496, 8128 ஆகியவை அவற்றில் முதல் நான்கு), மிஞ்சினால் மிகையெண். பக்கத்து வீடான 700032 ஒரு மிகையெண். அதற்குப் பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை. அது 6-ஆல் வகுபடுகிறது. 6-ஆல் வகுபடும் எண்ணில் பாதி, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று ஆகிய மூன்றையும் கூட்டினாலே முழு எண் வந்துவிடும். மற்ற வகுத்திகள் எல்லாம் மிகை. ஆகவே 6-ஐக் கடந்த அதன் மடங்குகள் அனைத்தும் மிகையெண்களே.

வகுத்திகள் மிகுந்த எண்களைத் தனியே எடுத்து ஆராய்ந்தவர் நம் இராமானுஜன். சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருந்தவர், கேம்பிரிட்ஜ் சென்ற பின் 1915-இல் வெளியிட்ட நீண்ட கட்டுரை, தனக்கு முன்னுள்ள எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றியது. வாடகைக் கார் எண் 1729-இன் கதையை அறிந்த அளவுக்கு இக்கட்டுரையை நம்மவர் அறியாதது ஒரு குறைதான். அவ்வகை எண்களில் ஒன்று நம் டாலிகஞ்சுக்கு வெகு தொலைவில் இல்லை: 720720. அதற்கு வகுத்திகள் 240. டாலிகஞ்சுக்கு நான்கு. ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரண்டு எண்களுக்குள் இவ்வளவு வேறுபாடு.

வணிகவியல் படித்த நமக்கு வகுத்திகளின் அருமை வேறு வழியிலும் தெரியும். 1957 ஏப்ரல் 1-க்கு முன் ஒரு ரூபாய் என்பது 16 அணா, 64 பைசா, 192 தம்பிடி. 192-க்கு வகுத்திகள் 14. இன்றைய நூறு காசுக்கு 9 மட்டுமே. மூவர் சேர்ந்து ஒரு ரூபாயைச் சரிபாதியாக, அதாவது சரியாக மூன்றாக, பங்கிட்டுக்கொள்ள அந்நாளில் முடிந்தது. இன்று ஒரு காசு மிஞ்சும். பங்கு பிரிக்க உதவுவது வகுத்திகள் நிறைந்த எண். பூட்டிவைக்க உதவுவது வகுத்திகளே இல்லாதது போலத் தோன்றி இரண்டை மட்டும் ஒளித்துவைத்திருக்கும் எண்.

700033-க்கு இன்னொரு சிறப்பும் உண்டு. 467, 1499 இரண்டையும் நான்கால் வகுத்தால் மீதி 3. இப்படிப்பட்ட இரண்டு வெவ்வேறு பகா எண்களின் பெருக்கத்துக்கு, 1995-ஆம் ஆண்டின் டூரிங் விருது பெற்ற மானுவல் பிளம் என்பவரின் பெயரால் பிளம் எண் என்று பெயர். அதை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதவே முடியாது. ஆனால் வர்க்கங்களின் வேறுபாடாக எழுதலாம்: 983-இன் வர்க்கத்திலிருந்து 516-இன் வர்க்கத்தைக் கழித்துப் பாருங்கள். 1986-இல் லெனோர் பிளம், மானுவல் பிளம், மைக்கேல் ஷப் ஆகிய மூவரும், முன்கூட்டி ஊகிக்க முடியாத இலக்கங்களை உண்டாக்கும் முறை ஒன்றைப் பிளம் எண்களைக் கொண்டே அமைத்தார்கள்.

இங்கே ஒரு சொல். இராசியான கணக்கு எண் கிடைக்குமா என்று கேட்கும் அன்பர்கள் எல்லாக் கிளைகளிலும் உண்டு. 7, 0, 0, 0, 3, 3 ஆகியவற்றைக் கூட்டினால் 13, அதைக் கூட்டினால் 4, ஆகவே டாலிகஞ்ச் இன்ன கிரகத்துக்குரியது என்று அவர்கள் தொடங்கக்கூடும். அந்தக் கூட்டுத்தொகை, நமக்குப் பத்து விரல்கள் இருப்பதால் பத்து பத்தாக எண்ணுகிறோம் என்பதை மட்டுமே காட்டுகிறது. எட்டு எட்டாக எண்ணும் ஒருவருக்கு அதே எண்ணின் இலக்கங்களும் கூட்டுத்தொகையும் மாறிவிடும். 467, 1499 என்னும் இரு காரணிகளோ எப்படி எண்ணினாலும் மாறா. எண்ணுக்கே உரிய பண்பு அதுதான்.

இனிப் பூட்டுக்கு வருவோம். 1977-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ரொனால்ட் ரிவெஸ்ட், ஆடி ஷமீர், லெனார்ட் ஆடில்மன் ஆகியோர் ஒரு முறையைக் கண்டனர். மூவர் பெயரின் முதலெழுத்துகளால் அது ஆர்.எஸ்.ஏ. எனப்படுகிறது. டாலிகஞ்சின் எண்ணைக் கொண்டே அதைச் செய்து காட்டலாம்.

நாம் 700033 என்ற எண்ணையும் 3 என்ற எண்ணையும் ஊரறிய அறிவித்துவிடுகிறோம். நமக்கு 500 என்ற செய்தியை மறைவாக அனுப்ப விரும்பும் ஒருவர், 500-ஐ மூன்று முறை வைத்துப் பெருக்குகிறார்: 12,50,00,000. அதை 700033-ஆல் வகுத்தால் ஈவு 178, மீதி 394126. ஈவை விட்டுவிட்டு மீதியை மட்டும் அனுப்புகிறார். வழியில் பார்ப்பவர் கண்ணில் படுவது 394126. அதிலிருந்து 500-க்குத் திரும்பிச் செல்ல ஒரு மறை எண் வேண்டும். நாம் 467, 1499 இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றைக் குறைத்துப் பெருக்குகிறோம்: 466 × 1498 = 698068. இதன் இருமடங்கோடு ஒன்றைக் கூட்டி மூன்றால் வகுத்தால் 465379. அதுவே மறை எண். 394126-ஐ அத்தனை முறை வைத்துப் பெருக்கி, ஒவ்வொரு படியிலும் 700033-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொண்டு வந்தால், இறுதியில் நிற்பது 500. அத்தனை முறையா என்று மலைக்க வேண்டாம். வர்க்கத்தை மீண்டும் வர்க்கமாக்கும் உபாயத்தால் 40-க்கும் குறைவான பெருக்கல்களில் கணினி இதை முடித்துவிடும்.

இங்கே கவனிக்கத் தக்கது, பூட்டும் வழி எல்லோருக்கும் தெரியும் என்பதுதான். 700033 ஒளிவுமறைவற்றது. 698068-ஐக் கணக்கிட மட்டும் இரு காரணிகளும் தெரிந்திருக்க வேண்டும். ஆறிலக்க எண்ணில் அது ஒரு மாலை நேர வேலை. ஆகவே இது பொம்மைப் பூட்டு. வங்கிகள் பயன்படுத்தும் எண்களில் 617 இலக்கங்கள். அவற்றின் ஒவ்வொரு காரணியும் ஏறத்தாழ 300 இலக்கங்களுக்கு மேல் நீளும்.

எத்தனை இலக்கம் இருந்தால் போதும் என்பதில் வல்லுநர்களின் கணிப்பும் காலத்தால் தோற்றிருக்கிறது. 1977 ஆகஸ்டில் மார்ட்டின் கார்ட்னர் தம் பத்திரிகைப் பகுதியில் 129 இலக்க எண் ஒன்றை அச்சிட்டு, பிரிப்பவருக்கு 100 டாலர் பரிசு என்று அறிவித்தார். பிரிக்கக் கோடிக்கணக்கான ஆண்டுகள் தேவை என்பது அப்போதைய மதிப்பீடு. 1994-இல் ஏறத்தாழ 600 தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளை இணையம்வழி ஒன்றுசேர்த்து எட்டே மாதங்களில் அதைப் பிரித்துவிட்டார்கள். 2020 பிப்ரவரியில் 250 இலக்க எண் ஒன்று பிரிக்கப்பட்டது. 617 இலக்க எண் இன்றுவரை அசையவில்லை.

இந்த இடத்தில் கான்பூரை நினைக்காமல் இருக்க முடியாது. 2002 ஆகஸ்டில் அங்குள்ள ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், தம் மாணவர்கள் நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகியோருடன், எந்த எண்ணும் பகா எண்ணா என்பதை ஊகம் எதுவுமின்றி உறுதியாகவும், இலக்கங்களின் எண்ணிக்கையை ஒட்டி மிதமாகவே வளரும் நேரத்திலும் சொல்லும் முறையை வெளியிட்டார். உலகக் கணித அறிஞர்கள் வியந்த கண்டுபிடிப்பு அது. அப்படியானால் வங்கிப் பூட்டு உடைந்துவிடாதா என்று அப்போது சிலர் அஞ்சினர். உடையாது. கான்பூர் முறை ஓர் எண் பகு எண் என்று சொல்லும். அதன் காரணிகள் எவை என்று சொல்லாது. வீட்டுக்குள் ஆள் இருக்கிறார் என்று அறிவதற்கும் அவர் யார் என்று அறிவதற்கும் உள்ள வேறுபாடு இது.

பூட்டு உண்மையில் தோற்றது வேறோரிடத்தில். 2012-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இணையத்தில் வெளிப்படையாகக் கிடக்கும் இத்தகைய எண்களை இலட்சக்கணக்கில் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டன. பகா எண்களைத் தற்போக்காகத் தேர்ந்தெடுக்க வேண்டிய கருவிகள் பல, போதிய தற்போக்கின்றி ஒரே பகா எண்ணையே மீண்டும் மீண்டும் எடுத்திருந்தன. அதனால் என்ன கேடு என்பதை நம் எண்ணே காட்டும். வேறொருவர் 705637 என்ற எண்ணை அறிவித்திருப்பதாகக் கொள்வோம். இரண்டையும் தனித்தனியே பிரிக்க முயல வேண்டாம். பள்ளியில் படித்த மீப்பெரு பொது வகுத்தியைக் காண்போம். 705637-இலிருந்து 700033-ஐக் கழித்தால் 5604. 700033-ஐ 5604-ஆல் வகுத்தால் மீதி 5137. 5604-இலிருந்து 5137-ஐக் கழித்தால் 467. 5137-ஐ 467 மீதியின்றி வகுக்கிறது. முடிந்தது. தொண்ணூறு தோல்விகள் நான்கு வரிகளாகச் சுருங்கி, இரண்டு பூட்டுகளும் ஒருசேரத் திறந்துவிட்டன. இது யூக்ளிட் காலத்து முறை. 617 இலக்க எண்களுக்கும் நொடியில் நடக்கும். அவ்வாறு திறந்துகொண்டவை பெரும்பாலும் ரூட்டர் போன்ற சிறு கருவிகள். ஆயினும் கடினமான கணக்கை நம்பிக் கட்டிய சுவரில், எண்ணைத் தேர்ந்தெடுக்கும் சோம்பல் எவ்வளவு பெரிய ஓட்டையைப் போடும் என்பதை அந்த ஆய்வுகள் காட்டின. அட்டையின் ரகசிய எண்ணாகத் தம் பிறந்த ஆண்டையே வைத்துக்கொள்ளும் வாடிக்கையாளர்களைக் காணும்போதெல்லாம் நமக்கு அந்த ரூட்டர்கள் நினைவுக்கு வருவதுண்டு.

இதைவிடப் பெரிய வினா ஒன்று வந்துகொண்டிருக்கிறது. போதிய ஆற்றலுள்ள குவாண்டம் கணினி உருவானால் இத்தகைய எண்களை விரைவாகப் பிரித்துவிடலாம் என்று பீட்டர் ஷோர் 1994-இலேயே கணித வழியில் நிறுவினார். அத்தகைய கணினி இன்னும் உருவாகவில்லை. ஆனால் இன்று மறைத்து அனுப்பப்படும் செய்திகளைச் சேமித்துவைத்து, அது உருவான பின் திறந்து படிக்க ஒருவர் காத்திருக்கலாம். பத்து இருபது ஆண்டுகள் உயிரோடிருக்கும் கடன் ஆவணங்களைக் கையாளும் வங்கிகளுக்கு இது கற்பனைக் கவலையன்று. அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2024 ஆகஸ்டில், காரணி பிரித்தலை நம்பாத புதிய பூட்டு முறைகளுக்கான முதல் மூன்று தரங்களை வெளியிட்டது. இந்திய அரசு 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு ரூ.6,003.65 கோடி ஒதுக்கி ஒப்புதல் அளித்தது. கொல்கத்தாவின் வடகோடியில், பாராநகரில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில், ஆர்.சி. போஸ் பெயரால் மறையியலுக்கெனவே ஓர் ஆய்வு மையம் இயங்கிவருகிறது.

கணினியில் வங்கியின் இணையதளத்தைத் திறக்கும்போது, முகவரிக்கு அருகே உள்ள குறியைத் தொட்டுச் சான்றிதழ் விவரங்களுக்குள் சென்று பார்க்கலாம். ஆர்.எஸ்.ஏ. 2048 என்று அங்கே குறிப்பிடப்பட்டிருந்தால், அதன் கீழே எண்ணும் எழுத்தும் கலந்து 512 குறிகள் வரிவரியாக ஓடும். அதுதான் அந்த 617 இலக்க எண், பதினாறு பதினாறாக எண்ணும் முறையில் எழுதப்பட்டது. டாலிகஞ்சின் 700033-ஐப் போலவே அதுவும் யார் வேண்டுமானாலும் பார்க்கத் திறந்து கிடக்கிறது. அதன் 467-உம் 1499-உம் மட்டும் வங்கியின் சேவையகத்துக்குள் இருக்கின்றன.